வட்டமடிக்கும் மீன்

தீவனத்தை ஒரு கை வீசினால் போதும், தண்ணீர் கொதிப்பதுபோல் மீன்கள் மேலெழும்பி ஒன்றன்மேல் ஒன்று புரண்டு தின்னும். திலேப்பியாக் குட்டை நல்ல நிலையில் இருப்பதற்கு அடையாளம் அந்தச் சத்தம்தான். நாள்தோறும் அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, அது சற்றுக் குறைந்தாலும் தெரிந்துவிடும்.

கோடையில் ஒரு நாள் அது குறையும். மறுநாள் தீவன உருண்டைகள் தின்பாரின்றி மிதந்து, காற்றடிக்கும் பக்கமாக ஒதுங்கும். அதற்கடுத்த நாள் விடியலில் கரையோரமாக ஒரு மீன் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து, ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கும். கையைத் தண்ணீரில் விட்டாலும் விலகிப் போகாது. எடுத்துப் பார்த்தால் ஒரு கண் வெளியே பிதுங்கியிருக்கும். அதன்மேல் பாலாடைபோல் வெண்படலம் படிந்திருக்கும். உடல் வில்லாக வளைந்திருக்கும். செவுள் மூடியிலும் துடுப்புகளின் அடியிலும் இரத்தம் கசிந்த தடங்கள் தெரியும். அது நேற்று விட்ட குஞ்சு அல்ல. பல மாதத் தீவனத்தைத் தின்று வளர்ந்து, இன்னும் சில வாரங்களில் சந்தைக்குப் போகவிருந்த மீன்.

மூளை அழற்சி கண்டிருப்பதால்தான் அது வட்டமடிக்கிறது. மேல் எது, கீழ் எது என்று சொல்லும் உணர்வு அதற்குத் தப்பிவிட்டது. குட்டையில் இருக்கும் மற்ற மீன்களில் பல, வெளியே எதுவும் தெரியாமலே அதே கிருமியைச் சுமந்துகொண்டிருக்கலாம். இந்த அத்தியாயம் அந்தக் கிருமியையும் அதன் கூட்டாளிகளையும் பற்றியது. அதைவிட முக்கியமாக, கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும் தண்ணீரைப் பற்றியது.

எதையும் தாங்கும் மீன்

தமிழ்நாட்டில் இந்த மீனுக்கு ஜிலேபி என்று பெயர். ஜிலேபிக் கெண்டை என்றும் சொல்வார்கள். ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் திலேப்பியா 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏரி, குளம், வாய்க்கால், உப்பங்கழி என்று நீர் தேங்கிய இடமெல்லாம் அது பரவிவிட்டது. இன்று உலகெங்கும் பண்ணைகளில் வளர்வது பெரும்பாலும் அதன் உறவான நைல் திலேப்பியா. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய இனத்தேர்வுத் திட்டத்தில் உருவான ‘கிஃப்ட்’ வகை, நம் பண்ணைக்குட்டைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 2020-இல் நைல் திலேப்பியாவின் உலகப் பண்ணை உற்பத்தி ஏறக்குறைய 44 லட்சம் டன் என்கிறது ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு.

இந்த வளர்ச்சிக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: ஜிலேபி எதற்கும் சாகாது. நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. கட்லாவும் ரோகுவும் மூச்சுத்திணறிச் சாகும் தண்ணீரில், திலேப்பியா நீர்ப்பரப்பின் மெல்லிய மேலடுக்கை உறிஞ்சி உயிர் பிழைக்கும். உப்புநீரைத் தாங்கும், அழுக்கைத் தாங்கும், நெருக்கடியைத் தாங்கும். அதனாலேயே அதை அதிகமாக இருப்பு வைக்கிறோம், அதிகமாகத் தீவனம் போடுகிறோம், தண்ணீரைக் குறைவாகக் கவனிக்கிறோம்.

தாங்குவது வேறு, நலமாக இருப்பது வேறு. கெட்ட தண்ணீரில் கட்லா செத்து மிதந்து வளர்ப்பவரை எச்சரித்துவிடும். திலேப்பியா எச்சரிப்பதில்லை. உயிரைப் பிடித்துக்கொண்டு நாள்களைக் கடத்தும். அந்த நாள்களிலெல்லாம் அதன் உடலில் கார்ட்டிசால் என்ற நெருக்கடிக் கால ஹார்மோன் ஏறியே இருக்கும். அந்த ஹார்மோன் உடனடி ஆபத்தைச் சமாளிக்க உதவும். ஆனால் நீண்ட நாள் ஏறியிருந்தால் நோய் எதிர்ப்பைத் தளர்த்திவிடும். வெளியே முரட்டு மீனாகத் தெரிவது, உள்ளே காவல் இல்லாத வீடாக இருக்கும்.

ஓங்கில் தந்த பெயர்

வட்டமடிக்கவைக்கும் கிருமிக் குடும்பத்துக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயர். நுண்ணோக்கியில் மணிமணியாகக் கோத்த மாலைபோலத் தெரியும். திலேப்பியாவைத் தாக்குபவற்றில் இரண்டு முக்கியமானவை: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே.

‘இனியே’ என்ற பெயர் மீனிலிருந்து வந்ததல்ல. அமேசான் ஆற்றில் வாழும் ஓங்கிலின் (டால்பினின்) விலங்கியல் பெயர் இனியா. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் காட்சித் தொட்டியில் வைத்திருந்த ஓர் இனியா ஓங்கிலுக்குத் தோலுக்கடியில் உருண்டை உருண்டையாகச் சீழ்க்கட்டிகள் தோன்றின. அவற்றிலிருந்து பிரித்தெடுத்த புதிய கிருமியை 1976-இல் விவரித்தபோது, அந்த ஓங்கிலின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

பத்தாண்டுக்குப் பிறகு, 1986 வாக்கில், இஸ்ரேலின் பண்ணைகளில் திலேப்பியாவும் டிரௌட் மீனும் மூளை அழற்சியால் சாகத் தொடங்கின. ஆய்வாளர்கள் இரண்டு கிருமிகளைப் பிரித்தெடுத்து, புதிய இனங்கள் என்று கருதிப் புதுப் பெயர்களும் வைத்தார்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. ஒன்று ஓங்கிலிடம் கண்ட அதே இனியே. மற்றொன்று மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த அகலாக்டியே. கிருமிகள் பழையவை, அவை நோய் உண்டாக்கிய களம்தான் புதிது.

1995 டிசம்பருக்கும் 1996 பிப்ரவரிக்கும் இடையில், கனடாவின் டொரோண்டோ நகர மருத்துவர்கள் வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கவனித்தார்கள். கை வீங்கிச் சிவந்து, தோலடித் திசு அழற்சியோடு வந்த நோயாளிகளின் இரத்தத்தில் இனியே இருந்தது. ஓராண்டில் இந்தக் கிருமி தொற்றியோர் 9 பேர் கண்டறியப்பட்டார்கள். எல்லோருமே உயிருள்ள மீனையோ அப்போதுதான் கொன்ற மீனையோ வீட்டில் சுத்தம் செய்தவர்கள். துடுப்பு முள் குத்திய காயம், கத்தி கீறிய காயம் போன்றவற்றின் வழியே கிருமி நுழைந்திருந்தது. சந்தையில் உயிரோடு விற்ற திலேப்பியாக்களைச் சோதித்தபோது அவற்றிலும் அதே கிருமி கிடைத்தது.

மடியிலிருந்து வந்த பெயர்

அகலாக்டியே என்றால் ‘பால் அற்றுப்போதல்’ என்று பொருள். கறவை மாட்டின் மடி வீங்கி, கல்லாகி, பால் திரிந்துபோகும் மடிநோயை உண்டாக்கும் கிருமி என்பதால் இந்தப் பெயர். மனிதரிலும் இது வாழ்கிறது. பல தாய்மார்களின் உடலில் எந்தத் தொல்லையும் தராமல் இருந்து, பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றி மூளைக்காய்ச்சலை உண்டாக்கக்கூடியது. மாட்டின் மடியிலும் பச்சிளங்குழந்தையிலும் திலேப்பியாவின் மூளையிலும் ஒரே இனம் இருந்தாலும், அதற்குள் பல கிளைகள் உண்டு. சில கிளைகள் மீனுக்கென்றே தேர்ந்துவிட்டவை. சில, மீனையும் மனிதரையும் தாக்கக்கூடியவை.

இந்த இரண்டாம் வகையின் முகத்தைச் சிங்கப்பூர் 2015-இல் பார்த்தது. அகலாக்டியேயின் ‘283’ என்று எண்ணிடப்பட்ட கிளை, திடகாத்திரமான பெரியவர்களையும் கடுமையாகத் தாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். கஞ்சியோடு பச்சையாகப் பரிமாறப்பட்ட நன்னீர் மீன் துண்டுகளைத் தின்றதோடு தொற்று தொடர்புபட்டிருந்தது. அந்தத் தட்டில் இருந்தவை திலேப்பியா அல்ல, வேறு நன்னீர் மீன்கள். ஆனால் பின்னர் நடந்த ஆய்வில், தாய்லாந்து, மலேசியா, வியட்நாம் நாடுகளில் நோயுற்ற திலேப்பியாக்களிலும் அதே 283 கிடைத்தது. சிங்கப்பூர் அரசு, பச்சையாக உண்ணும் உணவில் நன்னீர் மீனைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

நம் வீடுகளில் மீனைப் பச்சையாகத் தின்பதில்லை. நன்றாகக் கொதித்த குழம்பிலும் முறுகப் பொரித்த துண்டிலும் இந்தக் கிருமி பிழைக்காது. ஆகவே ஜிலேபி சாப்பிட அஞ்ச வேண்டியதில்லை. கவனமாக இருக்க வேண்டியவர்கள் மீனைக் கையாள்பவர்கள்: வலை இழுப்பவர், தரம் பிரிப்பவர், சந்தையில் வெட்டிக்கொடுப்பவர், வீட்டில் செதில் உரசுபவர். கையில் காயம் இருந்தால் கையுறை அணிவதும், முள் குத்தினால் உடனே சோப்பிட்டுக் கழுவுவதும், கை வீங்கிக் காய்ச்சல் வந்தால் ‘மீன் முள் குத்தியது’ என்று மருத்துவரிடம் சொல்வதும் அவர்களைக் காக்கும்.

காவலரின் வண்டியில் ஏறிய திருடன்

கிருமி மீனுக்குள் பல வழிகளில் நுழைகிறது. செவுள் வழியாக, செதில் உதிர்ந்த புண் வழியாக, நாசித் துளை வழியாக, எல்லாவற்றுக்கும் மேலாக வாய் வழியாக. திலேப்பியா செத்த மீனைக் கொத்தித் தின்னும். செத்த மீனின் மூளையிலும் குடலிலும் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும். ஒரு பிணம் ஒரு பகல் முழுக்க மிதந்தால், எத்தனையோ மீன்களுக்குக் கிருமி விருந்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

உள்ளே நுழைந்த கிருமியை விழுங்கி அழிக்க விழுங்கணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் விரையும். ஆனால் அகலாக்டியேவுக்கு மேலே ஒரு சர்க்கரை உறை உண்டு. அந்த உறையில் இருக்கும் சியாலிக் அமிலம் விலங்குகளின் சொந்தச் செல்களின் மேலும் இருப்பது. தன் வீட்டு ஆள்போல வேடமிட்டு வந்த கிருமியைக் காவல் அமைப்பு சரியாக அடையாளம் காண்பதில்லை. விழுங்கப்பட்ட பிறகும் சில கிருமிகள் விழுங்கணுவுக்குள்ளேயே பிழைத்திருக்கின்றன. விழுங்கணு இரத்தத்தில் உடல் முழுக்கச் சுற்றும்போது அவையும் கூடவே போகின்றன. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பை இந்தக் கிருமிகள் இப்படித்தான் கடக்கின்றன என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் ஒரு விளக்கம். காவலரின் வண்டியிலேயே ஏறிக் கோட்டைக்குள் போய்விடும் திருடனைப் போல.

மூளையுறையும் மூளையும் அழற்சி கண்டதும் மீன் சமநிலை இழந்து சுழல்கிறது. கண்ணுக்குப் பின்னால் நீரும் சீழும் சேர்ந்து கண்ணை வெளியே தள்ளுகின்றன. வயிற்றறையில் நீர் கோக்கிறது. மீன் தின்பதை நிறுத்திவிடுகிறது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்திருங்கள். மருந்து ஏன் தோற்கிறது என்பதை விளக்க அது தேவைப்படும்.

மூன்று வட்டங்கள்

போலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மீன்நோய் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்நீஷ்கோ, 1974-இல் எழுதிய கட்டுரையில் மீன்நோயை மூன்று வட்டங்களால் விளக்கினார். ஒன்று மீன், ஒன்று கிருமி, ஒன்று சூழல். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியும் சிறு பகுதிதான் நோய். கிருமி இருந்தாலே நோய் வந்துவிடாது. மீன் தளர்ந்து, சூழலும் இடம் கொடுத்தால்தான் வரும். எனவே எந்த வட்டத்தை விலக்கினாலும் நோய் சுருங்கும்.

சூழல் வட்டம் எப்படி நெருங்கி வருகிறது என்று ஒரு கோடை நாளில் பார்ப்போம். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தன்னில் கரைத்து வைத்திருக்க முடியும். 30 பாகையில் அது 7.6 மில்லிகிராம்தான். தண்ணீர் சூடாகும்போது மீனுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. ஆனால் அதே சூட்டில் மீனின் உடல் வேலை வேகமெடுத்து, ஆக்சிஜன் தேவை கூடுகிறது. பகலில் ஆக்சிஜனை வாரி வழங்கும் பாசி, இரவில் தானும் மூச்சுவிடுகிறது. விடியலுக்குச் சற்று முன்னால் குட்டையில் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும். நாம் பகலில் அளந்து திருப்தியடையும் எண்ணுக்கும் மீன் விடியலில் அனுபவிக்கும் எண்ணுக்கும் அவ்வளவு தூரம்.

அடுத்தது அம்மோனியா. 30 விழுக்காடு புரதமுள்ள 100 கிலோ தீவனத்தில் ஏறக்குறைய 4.8 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மீனின் உடலில் தங்குவதில்லை. செவுள் வழியாகவும் கழிவாகவும், பெரும்பாலும் அம்மோனியாவாக, தண்ணீருக்குத்தான் போகிறது. இந்த அம்மோனியாவின் நச்சு, தண்ணீரின் பிஎச் என்ற கார அமில நிலையைப் பொறுத்தது. 30 பாகை வெப்பத்தில், பிஎச் 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பிஎச் 9-ஐத் தொட்டால் கிட்டத்தட்டப் பாதி நச்சாகிவிடும். பாசி அடர்ந்த பச்சைக் குட்டையில் பிற்பகல் வெயிலில் பிஎச் அப்படித்தான் ஏறும். காலையில் மூச்சுத்திணறல், மாலையில் அம்மோனியா என்று மீன் ஒரே நாளில் இரண்டு அடிகளை வாங்குகிறது.

இதே சூடு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கோ மிகவும் உகந்தது. அதனால்தான் இந்த நோய் வெப்பமான மாதங்களில் வெடிக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் நைல் திலேப்பியாக்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தை ஆக்சிஜன் குறைந்த நீரில், சாகாத அளவுக்கு, வைத்திருந்தார்கள். பிறகு இரண்டுக்கும் அகலாக்டியேயைச் செலுத்தினார்கள். ஆக்சிஜன் குறைவைத் தாங்கிய கூட்டத்தில்தான் சாவு கூடுதலாக இருந்தது. மீன் பிழைத்துக்கொண்டது என்று நாம் நிம்மதியடைந்த அந்த இரவுக்கு, விலை சில நாள் கழித்து வசூலாகிறது.

கூட்டாளிகள்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தனியாள் அல்ல. நம் ஊர்க் குட்டைகளில் அதிகம் தொல்லை தருவது ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா. நன்னீர் இருக்கும் இடமெல்லாம் இயல்பாகவே வாழும் கிருமி இது. மீன் நலமாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. வலை உரசிச் செதில் உதிர்ந்தாலோ, பேன்போன்ற ஒட்டுண்ணி கடித்தாலோ, தண்ணீர் கெட்டாலோ அந்தத் தருணத்தைப் பிடித்துக்கொள்ளும். தோலில் சிவந்த புண், துடுப்பு அழுகல், வயிறு ஊதிச் செதில்கள் நிமிர்ந்து நிற்பது ஆகியவை இதன் அடையாளங்கள்.

செவுளைத் தின்பது பிளேவோபாக்டீரியம் காலம்னாரே. 1922-இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. நுண்ணோக்கியில் இது தூண்தூணாகக் குவிந்து நிற்பதால் இந்தப் பெயர். செவுளில் மஞ்சள் கலந்த அழுகலும், முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டும் தெரிந்தால் இதைச் சந்தேகிக்கலாம். குஞ்சுகளை எண்ணி, மூட்டை கட்டி, வண்டியில் கொண்டுவந்து விட்ட சில நாள்களில் இது வெடிப்பது வழக்கம். மற்றொன்று எட்வர்ட்சியெல்லா. இது உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும்.

இவற்றுக்கெல்லாம் மாறாகக் குளிரை விரும்புவது பிரான்சிசெல்லா. தண்ணீரின் வெப்பம் 25 பாகைக்குக் கீழே இறங்கும் காலத்தில் குஞ்சுகளைத் தாக்கி, மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் வெள்ளைப் புள்ளிகளை நிரப்பிவிடும். தண்ணீர் சூடானால் இது தணியும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எழும். எந்த மாதத்தில் எந்த அளவு மீன் சாகிறது என்பதே நோயைக் கண்டறிய முதல் துப்பு.

யூகத்துக்கு விலை அதிகம்

ஆனால் அது துப்பு மட்டுமே. பிதுங்கிய கண்ணை ஏரோமோனாஸும் உண்டாக்கும். இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2014-இல் அறிவித்து, 2018-இல் இந்தியாவிலும் பதிவான திலேப்பியா ஏரி வைரஸும் கண்ணைக் கெடுக்கும், தோலைப் புண்ணாக்கும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் பணமும் நாளும் போவதுதான் மிச்சம். வைரஸும் பாக்டீரியாவும் சேர்ந்தே தாக்குவதும் உண்டு.

ஆகவே சோதனை வேண்டும். அதற்குச் செத்து ஊதிய மீனைக் கொண்டுபோவதில் பயனில்லை; செத்த பிறகு குடலிலிருந்து பல கிருமிகள் உடலெங்கும் பரவி உண்மையை மறைத்துவிடும். சாகும் தறுவாயில் வட்டமடிக்கும் மீனையே பிடித்து, உயிரோடோ பனிக்கட்டியில் வைத்தோ அன்றைக்கே ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று சந்தேகித்தால் மூளையிலும் சிறுநீரகத்திலும் மாதிரி எடுப்பார்கள். கிராம் சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டில் ஊதா மணிமாலை தெரிந்தால் சில நிமிடத்திலேயே ஒரு விடை கிடைத்துவிடும். வளர்த்தெடுத்துப் பார்த்தால் எந்த இனம், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் தெரியும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் போன்ற இடங்களில் மீன்நோய் வல்லுநர்கள் இருக்கிறார்கள். நாடு முழுவதும் நீர்வாழ் உயிரின நோய்களைக் கண்காணிக்கும் தேசியத் திட்டமும் 2013 முதல் நடக்கிறது.

மருந்து எங்கே தோற்கிறது

குட்டையில் சாவு தொடங்கியதும் மனம் தேடுவது மருந்தைத்தான். கடையில் கேட்டு, தீவனத்தில் கலந்து போடுவார்கள். இரண்டு மூன்று நாளில் சாவு குறையும். நிறுத்திய சில நாளில் மீண்டும் தொடங்கும். ஏன்?

முதல் காரணம், நாம் முன்பே பார்த்தது: நோயுற்ற மீன் தின்பதில்லை. மருந்து கலந்த தீவனத்தைத் தின்பவை இன்னும் நலமாக இருக்கும் மீன்களே. மருந்து தேவைப்படும் மீனுக்கு அது போய்ச்சேருவதே இல்லை. இரண்டாவது, விழுங்கணுவுக்குள்ளும் மூளைக்குள்ளும் ஒளிந்திருக்கும் கிருமியை எட்டுவது கடினம். மூன்றாவது, தப்பிப் பிழைத்த மீன் நோயின்றியே கிருமியைச் சுமந்து, அடுத்த வெப்ப அலையில் மற்றவற்றுக்குக் கொடுக்கும். நான்காவது, அரைகுறை அளவில் போட்ட ஒவ்வொரு மருந்தும் அதைத் தாங்கும் கிருமிகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது. அந்த எதிர்ப்புத்தன்மைக்குரிய மரபணுக்கள் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை. குட்டைத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்கால் ஊருக்குப் போகிறது. இது மீன் வளர்ப்பவரின் கணக்கு மட்டுமல்ல, ஊரின் நலம்.

குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை மருந்துகளை மீன்வளர்ப்பில் பயன்படுத்த இந்தியாவில் தடை உள்ளது. மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கோலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்கும் மீன் பண்ணைக்கும் கொடுப்பதை இந்திய அரசு 2019-இல் தடைசெய்தது. சோதனை முடிவைப் பார்த்து, மீன்நோய் வல்லுநர் எழுதிக்கொடுத்து, சொன்ன நாள்வரை கொடுத்து, மருந்து உடலைவிட்டு நீங்கும் காலம் முடிந்த பிறகே மீனை விற்பது என்ற ஒழுங்கில் மட்டும்தான் ஆன்டிபயாடிக்குக்கு இடமுண்டு.

முன்கூட்டியே பாடம் சொல்லும் ஊசி

கிருமி வருமுன்பே மீனின் காவல் அமைப்புக்கு அதன் முகத்தைக் காட்டிவிடுவது தடுப்பூசியின் வேலை. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசிகள் சில நாடுகளில் விற்பனைக்கு வந்து பயன்பாட்டில் உள்ளன. கொல்லப்பட்ட கிருமியை எண்ணெயில் குழைத்து, மயக்கமூட்டிய ஒவ்வொரு மீனின் வயிற்றறையிலும் ஊசியால் செலுத்துகிறார்கள். பல்லாயிரம் மீன்களுக்கு ஒவ்வொன்றாகக் குத்துவது பெரும் உழைப்பு. எதிர்ப்பாற்றல் உருவாகச் சில வாரம் ஆகும் என்பதால் வெயில் காலத்துக்கு முன்பே போட்டாக வேண்டும்.

இன்னொரு சிக்கல், அகலாக்டியேயின் சர்க்கரை உறை ஒரே மாதிரியானதல்ல. திலேப்பியாவில் மூன்று உறை வகைகள் முக்கியமானவை. ஒன்றுக்கு எதிரான ஊசி மற்றொன்றைச் சரியாகத் தடுப்பதில்லை. ஊரில் உலவும் வகை எது என்று தெரிந்திருக்க வேண்டும். தீவனத்தோடு கொடுத்துவிடலாமே என்றால், திலேப்பியாவின் இரைப்பை மிகக் கடுமையான அமிலம் நிறைந்தது. நீலப்பச்சைப் பாசியின் உறையையே கரைத்துச் செரிக்கும் இரைப்பை, தடுப்பு மருந்தையும் சிதைத்துவிடும். அமிலத்தைத் தாண்டிக் குடலை எட்டும் வடிவங்களை உருவாக்க ஆய்வுகள் நடக்கின்றன. நோயை எதிர்க்கும் திறன் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு வருவதும் உறுதியாகியிருப்பதால், அந்தத் திறனுள்ள தாய் தந்தை மீன்களைத் தேர்ந்து இனம் வளர்ப்பதும் ஒரு நம்பிக்கையான பாதை.

குஞ்சு வாங்கும் நாளிலிருந்து

ஊசி நம் குட்டைக்கு வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மூன்று வட்டங்களையும் விலக்கும் வேலை கரையிலேயே இருக்கிறது.

கிருமி பெரும்பாலும் குஞ்சோடு வருகிறது. திலேப்பியாத் தாய் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும் மீன். தாயிடம் கிருமி இருந்தால் குஞ்சுக்கும் ஆபத்து. கானா நாட்டின் வோல்ட்டா ஏரிக் கூண்டுகளில் செத்த திலேப்பியாக்களின் கிருமியை ஆராய்ந்தபோது, அது 1980-களில் இஸ்ரேலில் கண்ட அகலாக்டியேயின் வம்சத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. மீன் கண்டம் தாண்டும் காலத்தில் கிருமியும் கண்டம் தாண்டும். அரசு அங்கீகாரம் பெற்ற பொரிப்பகத்தில், தாய்மீன்களைச் சோதிக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். வாங்கிய குஞ்சைப் பழைய மீனோடு உடனே சேர்க்காமல் தனித் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பாருங்கள்.

ஓர் அறுவடை முடிந்ததும் குட்டையை வற்றவைத்து, அடிச்சேற்றை அகற்றி, மண் வெடிக்கும்வரை காயவிட்டுச் சுண்ணாம்பு தூவுங்கள். வெயிலைப்போல் மலிவான கிருமிநீக்கி வேறில்லை. ஒரு குட்டையின் வலையையும் வாளியையும் கழுவிக் காயவைக்காமல் அடுத்ததில் இறக்காதீர்கள்.

ஆக்சிஜனை விடியற்காலை அளந்து எழுதிவையுங்கள். தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரை மீன் மேலே வந்து வாய் பிளந்த பிறகு அல்ல, நள்ளிரவுக்குப் பிறகு வழக்கமாகவே ஓடவிடுங்கள். இருப்பு எண்ணிக்கையை மீனின் தாங்கும் சக்தியைக் கொண்டல்ல, உங்கள் தண்ணீரும் ஏரேட்டரும் கொடுக்கக்கூடிய ஆக்சிஜனைக் கொண்டு தீர்மானியுங்கள். கடும் வெயில் நாள்களில் வலை இழுப்பதையும் தரம் பிரிப்பதையும் தள்ளிப்போடுங்கள்.

சாவு தொடங்கிவிட்டால் முதலில் தீவனத்தைக் குறையுங்கள். தேவையானால் சில நாள் நிறுத்துங்கள். தின்ற மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை. தின்னாத தீவனம் தண்ணீரைக் கெடுக்கும். தீவனத்தோடு சேர்த்துக் கிருமியும் வாய்க்குள் போகும். பசித்த திலேப்பியா சில நாள் தாங்கும். அதன் தாங்கும் குணம் உண்மையிலேயே நமக்குக் கைகொடுக்கும் இடம் இதுதான். செத்த மீன்களைக் காலையும் மாலையும் பொறுக்கி, தொலைவில் குழிதோண்டிச் சுண்ணாம்போடு புதையுங்கள். வாய்க்காலில் எறியப்படும் ஒவ்வொரு மீனும் அடுத்தவர் குட்டைக்கு அனுப்பிய நோய்.

இவற்றில் பெரும்பாலானவை கடையில் விற்பவை அல்ல. அதனாலேயே அவற்றுக்கு விளம்பரம் இல்லை. ஆனால் நோய் வந்த பிறகு செலவழிக்கும் எந்த மருந்தையும்விட, நோய் வராத தண்ணீரை வைத்திருப்பது வளர்ப்பவரையும் மீனையும் ஊரையும் காக்கும்.

நாளைக் காலை தீவனம் வீசும்போது தின்னும் மீன்களை மட்டும் பார்க்காதீர்கள். தின்ன வராத மீன் எங்கே நிற்கிறது என்று தேடுங்கள். மூன்றாம் நாள் வட்டமடிக்கவிருக்கும் மீன் அதுதான். அதற்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். அதன் பின்னால் நிற்கும் பல்லாயிரத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.